ஒரே ஆப்புக்குள் இரண்டு ஆட்டங்கள்

கேள்வி: மதிப்புக்குரிய மேடம், எனக்கு வயது 33. பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரி. ஒன்றரை வருடத்துக்கு முன் ஆந்திராவில் ஒரு சிற்றூர்க் கிளைக்கு மாற்றலாகி வந்தேன். மனைவியும் நான்கு வயது மகளும் கும்பகோணத்தில் என் பெற்றோருடன் இருக்கிறார்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் ஊருக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவேன். தனியாக இருக்கும் இரவுகளில் ஃபோனில் ஒரு கார்டு கேம் ஆடத் தொடங்கினேன். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் கேம் இல்லை. கார்டுகளைச் சேர்த்து, நாமே ஒரு டெக் (கட்டு) அமைத்து, எங்கோ இருக்கும் ஒருவரோடு மோதுவது. நன்றாகவே ஆடுகிறேன். ஆனால் கார்டு பேக் (உள்ளே என்ன கார்டு என்று திறந்தால்தான் தெரியும்) வாங்கியதில் ஐந்து மாதத்தில் 23,400 ரூபாய் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் 400, 800 என்றுதான் போனது. யூபிஐ கணக்கைப் பார்த்துக் கூட்டியவர் மனைவி. “ரம்மிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், ரெண்டும் சீட்டுதானே?” என்றார். அவருடைய பெரியப்பா மகன் ஆன்லைன் ரம்மியால் வீட்டை அடமானம் வைத்தவர். “இது செஸ் மாதிரி, மூளைக்கு வேலை” என்றேன் நான். சண்டை இன்னும் ஓயவில்லை. எங்களில் யார் சொல்வது சரி? இது ஏன் என்னை இப்படி இழுக்கிறது? வாங்கிய தேதிகளைக் கீழே எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொல்வதும் சரி, உங்கள் மனைவி சொல்வதும் சரி. ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் சமாதானப் பேச்சாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஃபோனில் இருப்பது ஒரு ஐகான். அதற்குள் இருப்பது இரண்டு ஆட்டங்கள். ஒன்றில் நீங்கள் யோசிக்கிறீர்கள், இன்னொன்றில் காத்திருக்கிறீர்கள். நீங்கள் முதல் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவர் இரண்டாவதைப் பார்த்துவிட்டார்.

ஆலோசனைக்கு வருபவர்கள் சொல்லித்தான் இந்தக் கேம்களை எனக்குத் தெரியும், ஆடியதில்லை. ஆடிப் பார்க்காமல் உங்களுக்குப் பதில் எழுதுவது நியாயமாகப் படவில்லை. அதனால் மூன்று வாரம் தினமும் ஹார்த்ஸ்டோன் ஆடினேன். 2014இல் வந்த அந்தக் கேமுக்கு, இந்த வகையைக் கணினியிலும் ஃபோனிலும் பரப்பியதில் பெரிய பங்கு உண்டு. நீங்கள் ஆடுவது வேறொன்றாக இருந்தாலும் எலும்புக்கூடு கிட்டத்தட்ட இதேதான்.

முதல் ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் நீங்கள் வெட்கப்பட எதுவுமே இல்லை.

இதற்கெல்லாம் வேர், 1993இல் அமெரிக்காவில் அச்சிட்ட அட்டைகளாக வெளிவந்த மேஜிக்: தி கேதரிங். உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நம் வீட்டுச் சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டுதான், 52 சீட்டு. கார்ஃபீல்டின் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே தயாரித்துக்கொண்டு வர வேண்டும். தேர்ந்தெடுக்க நூற்றுக்கணக்கான கார்டுகள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எதைக் கொண்டு வந்திருக்கிறார் என்று தெரியாது. பொதுவான விதிகள் கொஞ்சம்தான். ஒவ்வொரு கார்டும் தன்மேல் அச்சிட்ட ஒரு வரியால் அந்த விதிகளில் ஏதோ ஒன்றை வளைத்துவிடும். உட்காருவதற்கு முன்பே பாதி ஆட்டம் ஆடி முடிந்திருக்கும்.

ஹார்த்ஸ்டோனில் ஒரு டெக்குக்கு 30 கார்டு. ஒரே கார்டை இரண்டுக்கு மேல் வைக்கக்கூடாது, லெஜெண்டரி என்ற மிக அபூர்வமான வகை என்றால் ஒன்றுதான். முதல் சுற்றில் ஒரு மானா கிடைக்கும், அடுத்ததில் இரண்டு, இப்படிப் பத்து வரை ஏறும். அதைச் செலவழித்துத்தான் கார்டை இறக்க வேண்டும். நிறைய மானா கேட்கும் பெரிய கார்டாகவே அடுக்கினால் முதல் நாலு சுற்றும் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்க வேண்டியதுதான். சின்னதாகவே அடுக்கினால் ஏழாவது சுற்றில் கை காலியாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். 46 கார்டில் தொடங்கி 30க்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனது. பிடித்த கார்டைச் சேர்க்க ஒரு நொடி போதும். அதையே எடுத்து வெளியே வைக்க மனசு வர வேண்டும். அன்று மாலை அந்த டெக்கோடு மூன்று ஆட்டம் தோற்றேன், நான்காவதில் ஜெயித்தேன். அந்த சந்தோஷம் நிஜமானது. நானே யோசித்த ஒன்று, நான் நினைத்தபடி வேலை செய்தது.

இதை உங்கள் வேலையோடு பொருத்திப் பாருங்கள். கிளையில் நீங்கள் எடுக்கும் முடிவு எதுவும் முழுக்க உங்களுடையது இல்லை. சுற்றறிக்கை சொல்லும், மண்டல அலுவலகம் சொல்லும், சிஸ்டம் அனுமதிக்கும் அல்லது அனுமதிக்காது. இரவு எட்டு மணிக்கு அறைக்கு வந்தால், 30 கார்டையும் நீங்களே தேர்ந்தெடுக்கும் ஒரு மேசை காத்திருக்கிறது. முடிவின் பலன் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. இந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

“செஸ் மாதிரி” என்று எழுதியிருந்தீர்கள். ஒரு முக்கியமான இடத்தில் இது செஸ் இல்லை. செஸ்ஸில் உங்களைவிட வெகு நன்றாக ஆடுபவரிடம் பத்து ஆட்டம் ஆடினால் பத்தும் போகும். கார்டு கேமில் அடுத்து வரும் கார்டு எதுவென்று இருவருக்குமே தெரியாது. அதனால் சுமாராக ஆடுபவருக்கும் நாலு ஆட்டம் கிடைக்கும், நன்றாக ஆடுபவரும் நாலு தோற்பார். தோற்றால் கார்டு சரியாக வரவில்லை, ஜெயித்தால் நான் நன்றாக ஆடினேன். இரண்டுக்கும் இடம் இருப்பதால் மனம் உடைவதில்லை; இன்னொரு ஆட்டம் ஆடலாம் என்றே தோன்றும். இப்படி மனம் தளராமல் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ள முடிவது நல்லதுதான். ஆனால் எழுந்து போக வேண்டிய நேரமும் இதனாலேயே தெரியாமல் போகிறது.

அச்சிட்ட கார்டு என்றால் எதிராளி வேண்டும், மேசை வேண்டும், விதி தெரிந்த நாலு பேர் வேண்டும். ஃபோனில் சில நொடியில் ஆள் கிடைக்கிறார், விதியை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஹார்த்ஸ்டோன் குழுவுக்குத் தலைமை வகித்த பென் பிரோட் பிறகு வெளியே வந்து, தன் புதிய குழுவோடு மார்வெல் ஸ்னாப் என்ற கேமை 2022இல் வெளியிட்டார். அதில் டெக்குக்கு 12 கார்டு, ஆறே சுற்று, மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதி: நடுவில் யார் வேண்டுமானாலும் ‘ஸ்னாப்’ செய்து பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம். பந்தயம் என்றால் பணம் இல்லை, தரவரிசையை ஏற்றும் க்யூப்கள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் சீக்கிரமே விலகிக்கொண்டால் ஒரு க்யூபோடு போகும், பிடிவாதமாக நின்றால் எட்டு வரை போகலாம். அங்கே நன்றாக ஆடுபவர் யார் என்றால், எப்போது எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது இரண்டாவது ஆட்டம்.

ஒரு பேக். உள்ளே ஐந்து கார்டு, முகம் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொன்றாக நீங்கள்தான் திருப்ப வேண்டும். அபூர்வமான கார்டு என்றால் திருப்புவதற்கு முன்பே ஓரத்தில் நிறம் ஒளிரும்: நீலம், ஊதா, ஆரஞ்சு. லெஜெண்டரி வந்தால் ஒரு கம்பீரமான குரல் அதைக் கூவிச் சொல்லும். ஐந்தையும் ஒரே நொடியில் காட்டிவிட மென்பொருளால் முடியும். அப்படிக் காட்டவில்லை, நம்மைத் திருப்ப வைக்கிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஹார்த்ஸ்டோனில் சராசரியாக இருபது பேக்குக்கு ஒரு லெஜெண்டரி. எவ்வளவு துரதிர்ஷ்டம் என்றாலும் நாற்பதுக்குள் ஒன்று வந்துவிடும். வருவது நீங்கள் தேடியதா என்பது வேறு விஷயம். வேண்டாததை உடைத்தால், புதுக் கார்டு செய்துகொள்ள உதவும் டஸ்ட் 400 கிடைக்கும். வேண்டியதைச் செய்துகொள்ள 1,600 டஸ்ட் வேண்டும். அதாவது வேண்டாத நாலு லெஜெண்டரி சேர்ந்தால் வேண்டிய ஒன்று. கடன் மனுவில் இப்படி ஒரு மாற்று விகிதத்தைப் பார்த்தால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? பேக் திறக்கும் அந்த நிமிடத்தில் உங்களுக்குள் இருக்கும் வங்கி அதிகாரி அங்கே இருப்பதில்லை. அவர் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் உண்டு.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை எங்கள் படிப்பில் முதல் வருடமே சொல்லித்தருவார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் கொத்தினால் தீனி என்று வைத்தால், புறா தீனியைத் தின்றுவிட்டுக் கொஞ்சம் ஓய்வெடுக்கும். எத்தனை கொத்தில் வரும் என்று தெரியாதபடி வைத்தால், ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். பிறகு 1990களில் நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளுக்குப் பழரசம் கொடுத்து மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ரசம் கிடைத்தபோது அந்தச் செல்கள் துள்ளின. ரசம் வரப்போகிறது என்று காட்டும் அடையாளத்தைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துள்ளல் ரசத்திலிருந்து அந்த அடையாளத்துக்கு இடம் மாறிவிட்டது. கார்டு திரும்புவதற்கு முன் ஓரத்தில் தெரியும் ஆரஞ்சு ஒளி இருக்கிறதே, அதுதான் அந்த அடையாளம். உங்களை இழுப்பது கார்டு இல்லை, கார்டுக்கு முந்தைய நொடி. எனக்கும் பத்தாம் நாள் ஒரு லெஜெண்டரி வந்தது. அந்தக் கார்டு என்ன செய்யும் என்பது இப்போது நினைவில்லை. அந்த ஒளி நினைவிருக்கிறது.

சேகரிக்கும் ஆசையே தப்பு என்று சொல்ல வரவில்லை. சின்ன வயதில் நானும் என் அண்ணனும் தீப்பெட்டிப் படம் சேர்த்தோம். ஒரே படம் இரண்டு இருந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து வேறு வாங்குவோம். பாதி சந்தோஷம் அந்தப் பேரத்தில்தான். மேஜிக் கார்டு சேர்ப்பவர்களும் அப்படி மாற்றிக்கொள்கிறார்கள், விற்கவும் செய்கிறார்கள். ஹார்த்ஸ்டோனில் ஒரு கார்டை நண்பருக்குக் கொடுக்க வழியே கிடையாது. மிஞ்சியது டஸ்ட்டாகிவிடும். சேகரிப்பில் இருந்த இன்னொரு மனிதர் அங்கே காணாமல் போய்விடுகிறார். 2024 அக்டோபரில் வந்த போகிமான் டிசிஜி பாக்கெட் என்ற ஃபோன் கேம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஒரு நாளைக்கு இரண்டு பேக் இலவசமாகத் தருகிறது. உறையை விரலால் கிழிப்பதுபோலத் திரையில் இழுக்க வேண்டும். ஆடவே ஆடாமல் காலையும் மாலையும் அதைக் கிழிப்பதற்காக மட்டும் திறப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த அளவுக்குத் தனியாக நிற்கக்கூடியது இந்த இரண்டாவது ஆட்டம்.

அப்புறம், இந்தச் சேகரிப்பு முடிவதும் இல்லை. ஹார்த்ஸ்டோனில் 2016இலிருந்து ஸ்டாண்டர்ட் என்று ஒரு ஆட்ட முறை இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பழைய கார்டுத் தொகுதிகள் அதிலிருந்து வெளியேறிவிடும், புதியவை வந்துகொண்டே இருக்கும். சேர்த்தது கையில் நிற்குமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. ஒப்பந்தம் முடிந்ததால் 2023 ஜனவரியில் சீனாவில் ஹார்த்ஸ்டோன் நின்றுபோனது, திரும்பி வர 2024 செப்டம்பர் ஆனது. டூயலிஸ்ட் என்ற கேம் 2020இல் சர்வரை மூடியபோது சேர்த்த கார்டுகளும் அதோடு போயின. நீங்கள் கொடுத்தது கார்டின் விலை இல்லை, அனுமதிக் கட்டணம்.

மனைவியின் கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி கேட்டால் வித்தியாசம் உண்டு. 2022இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் குறிவைப்பது பணம் வைத்துப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. உங்கள் கேமில் பணம் போகும், திரும்பி வராது. போனதைப் பிடிக்க வேண்டும் என்று மேலும் மேலும் கட்டும் வெறி ரம்மியில் வருவதுபோல இதில் வருவதில்லை. ஆனால் பேக்கைத் திறக்கும் பகுதி சூதாட்டத்தின் அதே விசையில்தான் இயங்குகிறது. பெல்ஜியம் 2018இல் பணம் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. ஜப்பான் 2012இலேயே இதில் ஒரு வகையைச் சட்டவிரோதம் என்று நிறுத்தியது. ஆகவே உங்கள் மனைவிக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு வீடு அடமானத்தில் போனதை அருகிலிருந்து பார்த்தவர் அவர். அவர் கேட்டது சட்டத்தை அல்ல, “நம்ம வீடு பத்திரமா?” என்றுதான் கேட்டிருக்கிறார். அதற்கு “இது செஸ் மாதிரி” என்பது பதிலாகாது.

இது நோயா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்று ஒன்றைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கட்டுப்பாடு தவறுவது, மற்ற எல்லாவற்றையும்விட கேம் முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருட காலம் நீடிக்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அங்கே நீங்கள் இல்லை. என்னை யோசிக்கவைப்பது தொகைகூட இல்லை, அதை மனைவி தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததுதான்.

செய்ய வேண்டியது இதுதான். இந்த முறை ஊருக்குப் போகும்போது, அவர் கேட்காமலே முழுக் கணக்கையும் அவர் முன்னால் வையுங்கள். வேறு ஏதாவது மிச்சமிருந்தால் அதையும். ஆப்பை அழிக்க வேண்டாம். முதல் ஆட்டம் உங்களுக்கு நல்லது செய்கிறது. கடையை மட்டும் மூடுங்கள். ப்ளே ஸ்டோரில் சேமித்துவைத்த யூபிஐ, கார்டு விவரங்களை நீக்குங்கள், ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். அதிலேயே மாத வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது எச்சரிக்குமே தவிர தடுக்காது, அதை நம்பி இருக்க வேண்டாம். கையில் இருக்கும் கார்டிலேயே ஒரு டெக் அமைத்து இரண்டு மாதம் அதை மட்டும் ஆடுங்கள்.

கூடவே ஒரு சோதனை. ஸ்லே தி ஸ்பயர் என்று ஒரு கேம் இருக்கிறது, ஃபோனிலும் கிடைக்கும். அதிலும் கார்டு, டெக், யோசனை எல்லாம் உண்டு, ஆனால் ஒருமுறை விலை கொடுத்தால் முடிந்தது. பேக்கும் இல்லை, நிஜப் பணம் கேட்கும் கடையும் இல்லை. எதிரே மனிதரும் இல்லை. இரண்டு வாரம் ஆடிப் பாருங்கள். அதிலேயே மனம் நிறைந்தால் நீங்கள் விரும்புவது முதல் ஆட்டத்தை. யோசனை பிடித்திருந்தும் எதிரே ஆள் இல்லாதது குறையாகப் பட்டால், உங்களுக்குத் தேவைப்பட்டது துணை. ஆரஞ்சு ஒளி இல்லாமல் சலித்துப்போனால், எனக்கு மறைக்காமல் எழுதுங்கள், நாம் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும். அதற்குள் வாங்கும் கை நிற்கவே இல்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய தேதிகள். மொத்தம் 37. காலண்டரை எடுத்துவைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல், ஊரிலிருந்து திரும்பும் ஞாயிறு இரவிலும் மறுநாள் திங்கட்கிழமையிலும் வருகின்றன. ஊருக்குப் போகாத வாரங்களில் நீங்கள் ஆடியிருக்கிறீர்கள், ஆனால் அதிகம் வாங்கவில்லை. மகளைத் தூங்கவைத்துவிட்டு ரயில் ஏறி, பெர்த்தில் படுத்துக்கொண்டு பேக்கைத் திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் யாருக்குமே ஏதாவது நல்லது வரப்போகிறது என்ற நொடி தேவைப்படும். அடுத்த முறை ரயில் கிளம்பியதும் மனைவிக்கு ஃபோன் செய்யுங்கள். பேச ஒன்றும் இல்லையென்றால், நீங்கள் ஜெயித்த ஒரு ஆட்டத்தை அவருக்குச் சொல்லுங்கள். எந்தக் கார்டை வைத்தீர்கள், எதை விட்டீர்கள் என்று.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். ஒன்றரை வருடம் ஆகிறதே, ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு விண்ணப்பித்தீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.